அனுமனும் விளக்கெண்ணெயும்

பழைய பந்தயக் கார் வைத்திருப்பவரிடம் "இது எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். "இதை முன்னே யார் ஓட்டினாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, மத்தியானம் வரை விடமாட்டார். இங்கிலாந்தின் சசெக்ஸில், செப்டம்பர்தோறும் நடக்கும் குட்வுட் ரிவைவல் விழாவில் நான் கண்டது பாதி பந்தயம், பாதி கதாகாலட்சேபம்.

குட்வுட் ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாக இருந்த இடம். அதன் சுற்றுச் சாலையில் 1948ல் பந்தயம் தொடங்கி 1966ல் நின்றுபோனது. 1998ல் மறுபடி திறந்தவர்கள், இடைப்பட்ட முப்பத்திரண்டு வருஷத்தை நடக்காததாகவே வைத்துக்கொண்டார்கள். உள்ளே வரும் வண்டியும் அந்தக் காலத்தது, ஆளின் உடையும் அந்தக் காலத்தது. 1950களின் உடை என்றதும் எனக்கு வேட்டி சட்டைதான் தோன்றியது. "அங்க அடிக்கிற காத்துக்கு, காரை விட்டுட்டு உன்னைத்தான் போட்டோ எடுப்பாங்க" என்றார் அழைத்துப்போன நண்பர். கோட்டை இரவல் வாங்கினேன்.

விழா முதலில் மூக்குக்குத்தான் தொடங்குகிறது. அந்தக் காலப் பந்தய எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஆயிலை ஊற்றுவார்கள். கடும் சூட்டிலும் அதன் வழவழப்பு போகாது. இன்றும் சிலர் அதையே ஊற்றுகிறார்கள். அது எரியும் வாசனை வந்ததும் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, பரவசமானார்கள். எனக்கோ மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றும் பாட்டி ஞாபகத்துக்கு வந்தாள். அந்த எண்ணெய் உள்ளே போனால் ஓட்டம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஈ.ஆர்.ஏ. காரின் பக்கத்தில் பழுப்புக் கோட்டுப் பெரியவர் ஒருவரிடம் மாட்டினேன். 1930களில் இங்கிலாந்தில் இருபதுக்கும் குறைவாகவே செய்யப்பட்ட வண்டி அது. இதன் சகோதர வண்டிகளை ஓட்டியவர்களில் ஒருவர் சயாம் (இன்றைய தாய்லாந்து) இளவரசர் பீரா. அவருடைய 21ஆம் பிறந்தநாளுக்கு உறவுமுறை அண்ணன், இளவரசர் சூலா, ஒரு ஈ.ஆர்.ஏ.வைப் பரிசளித்தார். (என் 21ஆம் பிறந்தநாளுக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது. அதுவும் மெதுவாகத்தான் ஓடியது.) அந்தக் காருக்கு ரோமுலஸ் என்று பெயர். அடுத்தது ரீமஸ். ரோமாபுரி இரட்டையர் தீர்ந்துபோனதும் இளவரசர்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு அனுமன் என்று பெயர் வைத்தார்கள்.

"அனுமனைத் தெரியுமா உங்களுக்கு?" என்று பெரியவர் கேட்டார். விடுவேனா? கடல் தாண்டிய கதையைச் சொன்னேன்.

"எவ்வளவு தூரம்?"

"நூறு யோசனை."

"நடுவில் நிற்கவே இல்லையா?"

"மைநாக மலை எழும்பி வந்து, இளைப்பாறிவிட்டுப் போ என்றது. தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்."

"பிட் ஸ்டாப் வசதி இருந்தும் நிற்கவில்லை!" என்றார் அவர், அத்தனை மரியாதையோடு. பிறகு தம் வண்டியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் குறை இருந்தது.

இப்படிக் கதை கேட்டுக்கொண்டே போனால் எந்த வண்டியில் எது அசல் என்ற சந்தேகம் வரும். நாற்காலியை விட்டு எழாமல் கதை பேசும் இந்தப் பழைய கார்க்காரர்கள், அந்தச் சந்தேகம் வந்தால் மட்டும் நேராகக் கோர்ட்டுக்கே கிளம்பிவிடுகிறார்கள். 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. அப்புறம் எஞ்சின் மாறியது, சட்டகம் மாறியது. 1932ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஓட்டியவரையே பலிகொண்டது; மறுபடி வேறு உடம்போடு எழுந்தது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்த பிறகு, வாங்க வந்தவர்கள் "இது அந்தக் காரே இல்லை" என்று பின்வாங்க, 1990ல் லண்டனில் வழக்கு நடந்தது. 1929ன் பாகம் என்று காட்ட அதில் அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் தொடர்ந்து வாழ்ந்து வந்த வரலாறு இருக்கிறது, ஆகவே இது ஓல்டு நம்பர் ஒன்தான் என்றார் நீதிபதி. நமக்கு இதில் ஆச்சரியமில்லை. திருவாரூர் ஆழித்தேர் எரிந்து, புதிதாகச் செய்த பிறகும் அது திருவாரூர்த் தேர்தானே?

ஏழு லிட்டர் ஃபோர்டு கேலக்ஸியை மினி ஒன்று வளைவுகளில் விரட்டியதையும் பார்த்தேன். ஆனால் கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது சிறுவர்களின் செட்ரிங்டன் கோப்பைக்குத்தான். அதில் ஓடுபவை ஆஸ்டின் ஜே 40 பெடல் கார்கள். வேல்ஸில், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளிகளுக்கு வேலை கொடுக்க நடத்திய தொழிற்சாலையில் 1949 முதல் 1971 வரை செய்தவை. கொடி அசைந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து ஏறி மிதிக்கிறார்கள். ஒரு சிறுமி பாதியில் காலை எடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பேத்தி" என்றார் பக்கத்தில் நின்றவர். நல்ல வண்டி என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "உங்ககிட்ட மறைப்பானேன்? இடது பெடல் அசல் இல்லை."