நிகர அளவு: ஒன்று

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நுகர்வோர் விவகாரத் துறை,
கிருஷி பவன், புது தில்லி.

பொருள்: லினக்ஸ் போடுவதற்கு லேப்டாப் தேடி அலையும் குடிமகன், அட்டைப்பெட்டியில் ஒரு வரி கூடுதலாக அச்சிட வேண்டுவது தொடர்பாக.

பார்வை: சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011.

பெருமதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

முதற்கண் நன்றி. தங்கள் விதிகளின் புண்ணியத்தில், லேப்டாப் பெட்டியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எனக்குச் சகலமும் தெரிந்துவிடுகிறது. இறக்குமதி செய்தவரின் முகவரி, செய்த நாடு, மாதம், வருடம், புகார் சொல்லத் தொலைபேசி எண், எல்லா வரிகளும் உள்ளிட்ட அதிகபட்ச சில்லறை விலை (அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை என்பது வேறு விஷயம்). போதாததற்கு, 'நிகர அளவு: 1' என்றும் அச்சடித்திருக்கிறது. உள்ளே முக்கால் லேப்டாப் இருந்துவிடுமோ என்ற கவலையில்லாமல் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவது தங்களால்தான்.

அந்த ஒரு லேப்டாப்புக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

விண்டோஸோடு வாங்குகிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை. எந்தச் சில்லைப் பொருத்தினாலும் அதற்கான டிரைவரைக் கம்பெனியே ஏற்றி அனுப்பிவிடும். லினக்ஸ்காரன் கதை அப்படியல்ல. வைஃபை சில்லு இண்டெல் என்றால் பெரும்பாலும் டிரைவர் கர்னலிலேயே இருக்கும், போட்டதும் ஓடும். பிராட்காம் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். ரியல்டெக் சிலவற்றுக்கு யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த நிரலை எடுத்து நாமே கம்பைல் செய்ய வேண்டும். வைஃபை டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். லேன் கேபிள் செருகலாம் என்றால், மெல்லிசாக்குகிறேன் என்று அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். கடைசியில் போனை யுஎஸ்பி கேபிளில் கட்டி வைத்துத்தான் கதை நகரும்.

சரி, மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் நல்லதாகப் பார்த்து வாங்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே விலை. ஒரு சரக்கில் இண்டெல் வைஃபை, அடுத்த சரக்கில் ரியல்டெக், அதற்கடுத்து மீடியாடெக். அந்தந்த மாதம் எது மலிவோ அது உள்ளே போகிறது. விவரச்சீட்டில் 'வைஃபை 6' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் 'முன்னறிவிப்பின்றி மாறுதலுக்கு உட்பட்டது' என்று இருக்கும். நான் சரியாகப் படித்தவரையில், விவரச்சீட்டிலேயே முழுக்க உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நடந்த உரையாடலை அப்படியே சமர்ப்பிக்கிறேன்.

"தம்பி, இதுல வைஃபை சிப்பு எந்தக் கம்பெனி?"

"டூயல் பேண்டு சார்."

"அது சரிப்பா, சிப்பு யாரு செஞ்சது?"

"எல்லாமே கம்பெனி ஐட்டம்தான் சார்."

"லினக்ஸ் போடணும், அதுக்குத்தான் கேக்கறேன்."

"அப்ப டாஸ் மாடல் எடுத்துக்குங்க சார், விலை கம்மி. விண்டோஸ் நாங்களே ஏத்தித் தர்றோம், ஆபீசும் சேத்து."

இங்கே ஒரு கிளைக்கதை. அந்த 'டாஸ்' பெரும்பாலும் ஃப்ரீடாஸ். 1994-இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். ஆக, கட்டற்ற மென்பொருள் போட்ட லேப்டாப் நம் ஊரில் தாராளமாகவே கிடைக்கிறது, அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றுவதற்காக.

பெட்டியைப் பிரித்து, பென்டிரைவில் கொண்டுபோன லினக்ஸை ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா பில் போடணும் சார்" என்றார். பார்வைக்கு வைத்திருந்த லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைஃபையின் அடையாள எண்ணைப் பார்த்தேன். 8086 என்று இருந்தால் இண்டெல். 1978-இல் வெளியிட்ட தன் சில்லின் பெயரையே அந்த நிறுவனம் அடையாள எண்ணாக வைத்திருக்கிறது. 8086-தான் இருந்தது. ஆனால் பார்வைக்கு இருப்பது ஒரு சரக்கு, சீல் வைத்த பெட்டியில் இருப்பது இன்னொரு சரக்கு.

கைரேகை சென்சாரைப் பற்றிப் பேசி தங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. கேமரா கொஞ்சம் சுவாரசியமானது. சில மெல்லிய லேப்டாப்களில் யுஎஸ்பி வழியாகப் பேசும் சாதாரண கேமராவுக்குப் பதிலாக இண்டெலின் ஐபியு6 என்ற படச் செயலி வழியாகப் போகும் கேமராவை வைத்தார்கள். அதற்கான டிரைவரின் ஒரு பகுதி லினக்ஸ் கர்னலில் நுழைந்ததே 2024-இல்தான். பெட்டியில் 'ஃபுல் எச்டி கேமரா' என்றுதான் போட்டிருக்கும். அது பொய்யில்லை. கேமரா இருக்கிறது, படம்தான் வராது.

இது நாலு பைத்தியங்களின் பிரச்சினை என்று கோப்பை மூடிவிடாதீர்கள். அரசுப் பணிகளில் திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று 2015-இல் கொள்கை வெளியிட்டது தங்கள் அரசாங்கமே. பாஸ் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கியது சி-டாக்கின் சென்னை மையம், அதுவும் அரசாங்கம்தான். பக்கத்திலுள்ள கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகளே லினக்ஸில்தான் கணினி பழகுகிறார்கள். அரசாங்கம் வாங்கினால் டெண்டரில் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்கலாம். சொந்தக் காசில் வாங்குகிறவன் கேட்டால் கிடைக்கும் பதில் 'டூயல் பேண்டு'.

கம்பெனிகள் ஆட்சேபிக்கும், தொழில் ரகசியம் என்று சொல்லும். ஒரு திருப்புளியால் திறந்தால் தெரிகிற ரகசியம். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் எமல்சிஃபையர் 322 என்பது வரை அச்சடித்திருக்கிறார்களே, அதனால் எந்த பிஸ்கட் கம்பெனியும் திவாலாகவில்லை. அது வேறு அமைச்சகம் என்பீர்கள். தெரியும். பக்கத்து அமைச்சகத்தைப் பார்த்துப் பழகுவதில் தவறில்லை.

எனவே, வைஃபை, கேமரா, கைரேகை, ஒலி ஆகியவற்றின் சில்லுப் பெயர்களைப் பெட்டியின் மேல், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் லேப்டாப்புக்கே உரியதாக, அச்சிட ஆணையிடும்படி பணிந்து வேண்டுகிறேன். இடமில்லை என்று சொன்னால் அதற்கும் தாங்களே ஒரு முறை வழி காட்டியிருக்கிறீர்கள்: மின்னணுப் பொருட்களின் சில விவரங்களை கியூஆர் கோடு வழியாகச் சொல்லலாம் என்று 2022-இல் அனுமதித்தீர்கள். இதையும் அதிலேயே போடச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்ய நாங்கள் அந்த லேப்டாப்பின் கேமராவை நம்பியிருக்கவில்லை. கையில் போன் இருக்கிறது.

இப்படிக்கு,
இன்னும் லேப்டாப் வாங்காத ஒரு நுகர்வோர்