மாரல் சயின்ஸும் சேர்வராயனும்

ஏற்காட்டில் பாதிரிமார் பள்ளியில் படித்தவர்கள் அந்த மணியை மறந்திருக்க மாட்டீர்கள். அது அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு எழுந்து போக, இந்து, முஸ்லிம், சி.எஸ்.ஐ. என்று மிச்சமிருந்த நாங்கள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பொய் சொல்லக்கூடாது என்று மாரல் சயின்ஸில் படித்துவிட்டு, அடுத்த வகுப்பிலேயே வீட்டுப்பாடத்துக்குப் பொய் சொல்வோம். போனவர்கள் வண்ணப்படம் போட்ட புனிதர் அட்டைகளோடு திரும்புவார்கள். அந்த அட்டைக்காகவே மதம் மாறலாமா என்று தீவிரமாக யோசித்திருக்கிறேன். கணக்குப் பரீட்சையன்று மட்டும் எல்லைகள் கிடையாது: பாட்டி பூசிவிட்ட திருநீறோடு கெபி மாதாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றுவேன், இரு தரப்பும் பேதம் பார்க்காமல் கைவிட்டன.

மே மாதம் எங்கள் மலைச் சாமி சேர்வராயனுக்குத் திருவிழா. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் மூத்தவர் வழி தாங்கள் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தாரல்லர், நடுவில் பிறந்தவர் பச்சைமலைக்கும் இளையவர் கொல்லிமலைக்கும் போனார்களாம்) ஊர் ஊராக மலையேறி வருவார்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி வளர்ந்து எஸ்டேட்டுகளான பின், பங்களாவின் பின்கட்டில் நின்று கூலி வாங்கிய அதே மக்களின் சாமி, 5,300 அடி உச்சியில், காவேரி அம்மனோடு இருட்டுக் குகையில் இருந்தார். சேலத்துப் பட்டுவேட்டிப் பெரியவர்களும் அங்கே முதுகை வளைத்துத்தான் நுழைய வேண்டும். கீழே தங்கள் திண்ணையில் ஏற்றாத அந்த மக்களின் கையால் மேலே திருநீறு வாங்கிக்கொண்டு, இறங்கியதும் பழையபடி ஆகிவிடுவார்கள்.

இப்போது உச்சிவரை கார் போகிறது. செருப்பைக் கழற்றி, புல்லில் கால் குளிர, மூச்சு வாங்கியபடி பக்கத்தில் நடப்பவர் யாரென்று கேட்காமலே அவரிடம் பொரிகடலை வாங்கித் தின்ற நடை போயிற்று. நடந்து வருகிறவர் முகத்தில் கார் புழுதி அடிக்கிறது. சட்டமும் தன் பங்குக்கு ஒரு வேடிக்கை வைத்திருக்கிறது: ஒரே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றாலும் மலையாளி பழங்குடியாகவே இருப்பார், பட்டியல் சாதி எஸ்டேட் தொழிலாளியோ 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியலை விட்டே வெளியேறிவிடுவார். எங்கள் பழைய பெஞ்சோ கைப்பேசிக் குழுவாகி, எவன் யாரை மதம் மாற்றுகிறான் என்று சண்டையிட்டு, மணியே அடிக்காமல் மூன்றாகப் பிரிந்துவிட்டது.

திருவிழாவுக்குப் போவதாயிருந்தால் வண்டியைக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். தலை பத்திரம், குகையை மட்டும் இன்னும் யாரும் உயர்த்திக் கட்டவில்லை.