ஒடிப்பதும் கிள்ளுவதும்: முருங்கை, கறிவேப்பிலை குறித்த ஓர் ஒப்பியல் விசாரணை

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும், லோயர் கேம்ப்பில் மலையிறங்கும் பெரியாற்று நீரைக் கண்ட மாத்திரத்தில் 1895ஆம் வருஷத்து அணைத் திறப்பின் சரித்திரத்துக்குள் போய்விடுகிறார்கள். அங்கிருந்து மீண்டவர்கள் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சைப் பந்தலின் நிழலில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுக்கிறார்கள். அதற்கும் தப்பியவர்களைப் போடிநாயக்கனூர் ஏலக்காயின் வாசனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இதனால் விளைந்த நஷ்டம் யாதெனில், கூடலூர் தொடங்கி ஆண்டிபட்டி ஈறாக, புழக்கடை என்று ஒன்று உள்ள வீடுகளில் எல்லாம் சுவரோரமாக ஒன்றும் அடுப்படி ஜன்னலோரமாக ஒன்றுமாக நின்று, ஒருவேளைச் சமையலும் தங்களைத் தவிர்த்து நடக்காமல் பார்த்துக்கொள்கின்ற முருங்கை, கறிவேப்பிலை ஆகிய இரண்டு தாவரங்களின் தாரதம்மியம், இன்றுவரை சாஸ்திரீயமாக நிர்ணயிக்கப்படாமலே கிடக்கிறது. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இந்த விசாரணை.

பூர்வபட்சத்தை முதலில் எடுத்துரைப்பது மரபு. தாவரங்களை ஒப்பிடுவோர் மண், நீர், வெயில், எரு என்னும் நான்கு பிரமாணங்களைக் கொண்டு ஒப்பிடுவார்கள். அவ்வாறு ஒப்பிடின், முருங்கை வறண்ட நிலத்தில் மகிழ்ந்து வளரும் என்பதும், அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகி மாண்டுபோகும் என்பதும், ஆண்டிபட்டிப் பக்கத்துச் செம்மண் அதற்கு உகந்தது என்பதும் ஐயமின்றித் துணியப்படும். கறிவேப்பிலையும் வெயிலை விரும்புவதே. எனினும் இளங்கன்றாயிருக்கும் காலத்தில், வருவதா போவதா என்று தீர்மானிக்காத விருந்தாளியைப் போல ஒரே உயரத்தில் நின்றுகொண்டு, வீட்டாரின் பொறுமையைப் பரீட்சை செய்யும். அக்காலத்தில் அதற்குப் புளித்த மோர் வார்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அரிசி கழுவிய நீரே போதுமானது என்பது மற்றொரு கட்சி. இரண்டையும் வார்த்துவிட்டு, வளர்ந்தபின் தத்தம் கட்சிக்கே வெற்றி என்று சாதிக்கும் மாமியார் மருமகள் உள்ள வீடுகளும் உண்டு.

ஜனன விஷயத்திலும் பேதம் இருக்கிறது. நாட்டு முருங்கை போத்தால் பிறப்பது; ஒரு முழக் கட்டையை வெட்டி, தலைமாட்டில் சாணம் அப்பி நட்டுவிட்டால் தளிர்த்துவிடும். விதையால் பிறக்கும் செடிமுருங்கையை உலகுக்கு அளித்த கீர்த்தி இந்த ஜில்லாவைச் சேர்ந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் பெரியகுளத்தில் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் 1989இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் ரகம், விதைத்த மூன்று மாதங்களிலேயே பூத்து, இரண்டடிக்கு மேல் நீண்ட காய்களை மரத்துக்கு வருஷம் இருநூறுக்குக் குறையாமல் தரவல்லது என்பது நிலையத்தாரின் கணக்கு. அதிலும் திருப்தியுறாமல் அவர்கள் 2000ஆம் வருஷத்தில் வெளியிட்ட பி.கே.எம். 2இன் காய் 125 சென்டிமீட்டர் நீளம் என்று அறியும்போது, இது சாம்பாருக்காகச் செய்யப்பட்ட ஆராய்ச்சிதானா, அன்றிச் சிலம்பாட்டத்துக்காகவா என்று கேட்கத் தோன்றுகிறது.

கறிவேப்பிலைக்கு இத்தகைய ராஜாங்க ஆதரவு குறைவு. ஆனால் வம்சப் பெருமை உண்டு. எலுமிச்சையும் நாரத்தையும் அதற்குத் தாயாதிகள். 1768இல் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, 1785 வரை இப்பக்கத்துச் செடிகொடிகளை ஆராய்ந்த கோனிக் என்பாரின் பெயரைத் தாவர சாஸ்திரிகள் இச்செடிக்குச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெரியாரின் பெயரைத்தான் நாம் அன்றாடம் ரசத்திலிருந்து எடுத்து இலையோரத்தில் ஒதுக்கி வைக்கிறோம். அதன் விதை பறித்த சில வாரங்களுக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடுவதால், பதப்படுத்திப் பொட்டலம் கட்டி ஊரூராக அனுப்புவதற்கு ஏற்றதன்று. ஆகவே பழத்தைத் தின்னும் குருவிகளையும், வேரிலிருந்து தானாகக் கிளம்பும் பக்கக் கன்றுகளையும் நம்பியே அது குடும்பம் நடத்துகிறது.

இனிச் சித்தாந்தம். மேற்கூறிய நான்கு பிரமாணங்களும் இவ்விஷயத்தில் பிரயோஜனப்படா. ஏனெனில், இவ்விரண்டு தாவரங்களும் மண்ணாலும் நீராலும் பிழைத்திருப்பவையேயன்றி, அவற்றால் செழிப்பவை அல்ல, செழிப்பது சேதத்தால். முருங்கைக்கு வேண்டுவது பெருஞ்சேதம், அதாவது அரிவாள். கறிவேப்பிலைக்கு வேண்டுவது சிறுசேதம். அதாவது விரல் நகம். அளவை மாற்றிக் கொடுத்தால் இரண்டும் கெடும்.

முருங்கை விஷயத்தில் இதற்கு ஆப்தவாக்கியமே இருக்கிறது. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்ற பழமொழியின் பிற்பாதியை இக்காலத்துச் சட்டம் ரத்துசெய்துவிட்டது. முற்பாதிக்கோ பெரியகுளத்து நிபுணர்களின் அங்கீகாரமே கிடைத்திருக்கிறது. கன்று இடுப்பளவு உயர்ந்ததும் நுனியைக் கிள்ளியெறிய வேண்டும், காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு மீதியை வெட்டித் தள்ள வேண்டும், வெட்டினால் மறுபடி துளிர்த்து மறுதாம்புப் பயிராகக் காய்க்கும் என்பதே அவர்கள் உபதேசம். வெட்ட மனம் வராத கருணைவான்களின் வீட்டு முருங்கை, மொட்டைமாடிக்கு மேலே போய் அங்கே காய்த்து, தொரட்டிக்கும் எட்டாமல் முற்றி வெடித்து, காகிதம்போல் மெல்லிய சிறகுள்ள விதைகளை அடுத்த தெருவுக்கு அனுப்பிவைக்கும். இவர்களுக்கு உதவும் பொருட்டே இயற்கையானது மேற்கு மலைக் கணவாய் வழியாக ஒரு காற்றை ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனி ஆடி மாதங்களில் தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே எந்தக் காற்று பெரும் பெரும் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் எடுத்துக் கொடுக்கிறதோ, அதே காற்று போகிற போக்கில் வீட்டு முருங்கைகளையும் கூலி கேளாமல் கவாத்து செய்துவிட்டுப் போகிறது. ஓட்டின் மேல் விழுந்தால் ஓட்டுக்கான கிரயம் மாத்திரம் வீட்டாரைச் சேர்ந்தது.

கறிவேப்பிலைக்கு வேண்டிய சேதத்தைச் செய்வது காற்று அன்று, அண்டை வீடு. செடி மூன்றடி உயர்ந்தவுடன் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் ஐந்தாறு புறப்பட்டுப் புதராகும் என்பது தோட்டக்கலை விதி. இவ்விதியைத் தாங்களாக நிறைவேற்றும் சொந்தக்காரர்கள் அரியர். அடுப்பில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்த பிற்பாடே கறிவேப்பிலை இல்லையென்பதை உணரும் பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் அதனை நிறைவேற்றுகிறாள். அவள் உபயோகிக்கும் வாக்கியம் சட்ட நிபுணர்களின் கவனத்துக்கு உரியது. "மதினி, ஒரு இணுக்குக் கருவேப்பில பறிச்சுக்கிட்டேன்" என்கிறாள், இறந்தகாலம். பறித்துக்கொள்ளட்டுமா என்ற எதிர்காலக் கேள்வி இப்பொருளில் எங்கும் வழக்கில் இல்லை. உள்ளேயிருந்து வரும் மறுமொழியும், "அதுக்கென்ன, பறிச்சுக்க" என்று, நடந்து முடிந்த காரியத்துக்குப் பின்தேதியிட்டு வழங்கப்படும் அனுமதியேயாகும். இவ்வாறு நாளொன்றுக்கு நான்கைந்து பேர் கிள்ளும் செடி தழைத்துக் குலுங்குவதையும், பூட்டிய கதவுக்குள்ளே ஒருவரும் தீண்டாத செடி ஒற்றைக் குச்சியாக நெடுத்துப் பூத்துக் காய்த்துக்கொண்டு நிற்பதையும் இப்பள்ளத்தாக்கின் எந்தத் தெருவிலும் காணலாம்.

முருங்கையில் இச்சலுகை படிப்படியாகக் குறைகிறது. கீரையைக் கேட்டுத்தான் பறிக்க வேண்டும். கேட்டால் கிடைக்கும், ஆய்ந்து கொடுப்பது மட்டும் கிடையாது. பூவைக் கேட்பது நாகரிகமன்று, ஏனெனில் அது வருங்காலக் காய். காயோ, பருவத்தைப் பொறுத்தது. சித்திரை வைகாசியில் விலை தரைமட்டமாக விழுந்து கிடக்கும்போது, வேண்டாமென்று சொல்பவர் கையிலும் பத்துக் காய் திணிக்கப்படும்; கார்த்திகை மார்கழியில் மழையிலும் பனியிலும் பூ உதிர்ந்து, சந்தையில் ஒற்றைக் காய்க்கே பேரம் நடக்கும் நாளில், அதே மரத்துச் சொந்தக்காரருக்குக் கிளைவாரியாகக் காய்களின் எண்ணிக்கை மனப்பாடமாயிருக்கும். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை எக்காலத்திலும் கொசுறு. முருங்கைக்காயைக் கொசுறாகக் கொடுத்த வியாபாரியைத் தேனிச் சந்தை கண்டதில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழுப்பப்படலாம். இவ்வளவு உபயோகமான மரத்தை வீட்டு வாசலில் வைக்கலாகாது, அதில் வேதாளம் குடியிருக்கும் என்று பெரியோர் தடுப்பது எதனால்? இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் இயற்றிய கதாசரித்சாகரத்தில், வேதாளம் புகுந்த பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். அது ஈட்டியின் இனத்தைச் சேர்ந்த வைரமரம் என்பர். பிணத்தையும், அதை அறுத்திறக்க ஏறிய அரசனையும் ஒருசேரத் தாங்கக்கூடியது. கதை தமிழ்நாட்டுக்கு வந்ததும் மரம் முருங்கையாயிற்று. ஐந்து வயதுப் பையன் ஏறினாலே மளுக்கென்று முறியும் முருங்கைக் கிளை, பூரண வளர்ச்சியடைந்த ஒரு பிணத்தையும் கவசமணிந்த ஓர் அரசனையும் எவ்வாறு தாங்கும்? தாங்காது, முறியும். வேதாளம் மறுபடி ஏறும், மறுபடி முறியும். கதைக்கு ஒரு முறை என்று இருபதுக்குக் குறையாத முறை கிளை ஒடிபட்டும் உயிரோடு நின்று, அடுத்த தடவை வேதாளம் தொங்குவதற்குப் புதுக்கிளை தயாராக வைத்திருக்கக்கூடிய மரம் முருங்கையைத் தவிர வேறு எது? கதையை இங்கே கொணர்ந்த தமிழன் தோட்டக்காரனாக இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. கறிவேப்பிலையில் யாதொரு பூதமும் குடியேறியதாகப் பேச்சில்லை. பொழுது சாய்ந்தபின் செடியைத் தொடக்கூடாது என்ற சம்பிரதாயம் இருந்தும், பகல் முழுவதும் ஜனநடமாட்டம் ஓயாத இடத்தில் எந்தப் பூதம் வாடகைக்கு வரும்?

சத்துருக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மழைக்குப்பின் முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப் புழுக்கள் கூட்டமாக அப்பிக்கொள்ளும். தீப்பந்தம் பிடிப்பது கிராம வைத்தியம், பார்த்தாலே அரிப்பெடுப்பது என் அனுபவம். கறிவேப்பிலையின் புழு தனிமையை விரும்புவது. சிறுவயதில் பறவை எச்சம்போல் வேஷமிட்டு, பிற்பாடு பச்சை நிறம் பூண்டு, முடிவில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துவிடும்.

உபயோக அத்தியாயத்தில் முருங்கையின் வாதம் நீளமானது. இலை கீரை; பூ பொரியல்; காய் குழம்பு; விதைப் பொடி கலங்கல் நீரைத் தெளிவிக்கும்; விதை எண்ணெய் ஒருகாலத்தில் கடிகாரங்களுக்கு மசகிடப் பயன்பட்டது. காய்க்கு உள்ளதாகக் கருதப்படும் மற்றொரு குணத்தை, 1983இல் வெளிவந்த 'முந்தானை முடிச்சு' திரைப்படத்தைக் கண்ட தலைமுறைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன்பின் முருங்கைக்காய் வாங்க வந்த ஆடவரைக் கடைக்காரர்கள் நோக்கிய நோக்கே வேறு. கறிவேப்பிலைக்கோ ஒரே தொழில். எண்ணெயில் விழுந்து, சடசடவென்று ஓசையெழுப்பி, வாசனை முழுவதையும் ஒப்படைத்துவிட்டு, உண்பவரால் ஒதுக்கப்படுவது. வீட்டிலும் உத்தியோகத்திலும் காரியம் முடிந்தவுடன் கைவிடப்பட்டவர்கள் எல்லாரும் இச்செடியின் பெயரைச் சொல்லியே பிரலாபிக்கிறார்கள். முருங்கையின் பெயரால் எவரும் பிரலாபிப்பதில்லை. சப்பிய சக்கையும் இலையோரத்தில்தான் கிடக்கிறது, ஆனால் அதற்காக இரங்குவார் இல்லை.

இரண்டும் நேருக்கு நேர் மோதும் களம் ஒன்றே ஒன்று. அது நெய்ச் சட்டி. வெண்ணெய் உருகி, நுரை அடங்கி, சடசடப்பு ஓயும் தறுவாயில் போட வேண்டியது முருங்கை இலையா, கறிவேப்பிலையா என்பதில் இப்பள்ளத்தாக்கின் குடும்பங்கள் தீராத பிளவுண்டு கிடக்கின்றன. முருங்கை இலை போட்ட நெய் நாள்பட வைத்திருந்தாலும் கெடாது என்பர் ஒரு சாரார். கறிவேப்பிலை போட்ட நெய் நாள்பட வைத்திருக்க மிஞ்சாது என்பர் மற்றொரு சாரார். இப்பிரச்னையில் நான் முருங்கைக் கட்சி. என் வீட்டில் நெய் காய்ச்சும் பொறுப்பிலுள்ளவர் கறிவேப்பிலைக் கட்சியாதலால், சட்டியின் அடியில் தங்கும் பொரிந்த இலையைச் சோற்றில் பிசைந்து தின்னும் அளவுக்கே என் ஆட்சேபணை இதுவரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது.