பொறுப்பைப் பங்கிட்ட பெருமானுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

திருவும் சீரும் பெருகத் திகழும் பிரதான ஒப்பந்ததாரர் அவர்களே! பன்னிரண்டு மாடி எழுப்பியும் ஒரு மாடிக்கும் பொறுப்பாகாத பெருந்தகையே! பழைய வேந்தர்கள் நாடு பிடித்ததைக் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டார்கள். தேவரீர் செய்ததோ அதனினும் அரிய செயல். ஒரே வேலையை முப்பது துண்டாக்கி முப்பது பேர் கையில் கொடுத்தீர்கள். துண்டுகளைத் திரும்பக் கூட்டினால் கட்டடம் வருகிறது, பொறுப்பு மட்டும் வருவதில்லை. கணித மேதைகளுக்கும் பிடிபடாத இந்தக் கணக்கைத் தாங்கள் ஒவ்வொரு சைட்டிலும் போட்டுக் காட்டுகிறீர்கள். இந்தப் புகழையும் கல்லில் வெட்டியிருக்கலாம். ஆனால் கல்வெட்டும் வேலையையும் யாராவது சப் காண்ட்ராக்டுக்கு விட்டுவிடுவார்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

தங்கள் அரண்மனையின் படிவரிசையை முதலில் வணங்குகிறேன். மனைக்குச் சொந்தக்காரர் வேலையைத் தங்களிடம் ஒப்படைத்தார். தாங்கள் எலெக்ட்ரிக்கல், பிளம்பிங், லிஃப்ட், தீயணைப்புக் குழாய் என்று ஆளுக்கொன்றாக அருளினீர்கள். சிவில் வேலை எடுத்தவர் சென்ட்ரிங்கைத் தனியாகவும், கம்பி கட்டுவதைத் தனியாகவும், பூச்சைச் சதுர அடிக் கணக்கில் தனியாகவும் விட்டார். சதுர அடிக்கு எடுத்தவர் ஆள் காண்ட்ராக்டரைப் பிடிக்க, அவர் ஒடிசாவிலும் பீகாரிலும் உள்ள மேஸ்திரிகளுக்குப் போன் போட்டார். ஒவ்வொரு படியிலும் காசு கொஞ்சம் தங்கியது, ஆபத்து மட்டும் எந்தப் படியிலும் தங்காமல் முழுதாகக் கீழே இறங்கியது. கடைசிப் படியில் நிற்பவருக்கு ஹெல்மெட் வாங்கக்கூடப் பணம் மிஞ்சாத அளவுக்கு அந்தப் பங்கீடு அத்தனை நேர்த்தி!

சட்டத்தின்மீது தங்களுக்குள்ள பக்தியை என்னவென்பது! 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 ஆள் வைத்திருக்கும் காண்ட்ராக்டர் உரிமம் பெற வேண்டும் என்றது. உடனே தங்கள் சைட்டில் ஒவ்வொரு மேஸ்திரிக்கும் 19 ஆள் ஆனது. அந்த எண்ணைத் தாண்ட ஒருவருக்கும் மனம் வந்ததில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அதை 50 ஆக உயர்த்தியது. மன்னர் மனமறிந்து வரி தள்ளுபடி செய்த மந்திரிபோல அரசு நடந்துகொண்டது. இனி 49 பேர் கொண்ட குழுக்களாக எத்தனை நூறு பேரையும் ஒரே வேலிக்குள் நிறுத்தலாம். வேலிக்குள் மொத்தம் எத்தனை தலை என்று கேட்பவர் நாகரிகம் அறியாதவர்.

இனி அந்த வேலிக்குள் நித்தமும் நடக்கும் திருவிளையாடல் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஒன்பதாம் மாடியில், நாலடிக்கு மூன்றடியில், குழாய் இறங்கும் டக்ட். அதன்மேல் ஒரு பிளைவுட் பலகை. காலையில் பிளம்பர் ஆட்கள் குழாய் இறக்கப் பலகையை நகர்த்துகிறார்கள். மறுநாளும் வரவேண்டியிருப்பதால் திரும்ப ஆணி அடிக்காமல் சும்மா மேலே வைத்துவிட்டுப் போகிறார்கள். மாலையில் பத்தாம் மாடி சென்ட்ரிங்குக்கு ஒரு துண்டு குறைகிறது. அளவாக ஒரு பலகை கண்ணில் படுகிறது, எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் எலெக்ட்ரிக்கல் ஆட்கள் திறந்த வாயைப் பார்க்கிறார்கள். கீழே இழுத்து வைத்த வயரில் தூசி விழக்கூடாதே என்று காலி சிமெண்ட் சாக்குகளைப் பிரித்து அதன்மேல் விரிக்கிறார்கள். பிற்பகலில், கலவைச் சட்டியைத் தலையில் ஏந்தி ஒரு சித்தாள் வருகிறார். முந்தின நாள்தான் ரயிலை விட்டு இறங்கியவர். சாக்கு விரித்த தரையும் அவருக்குத் தரைதான்.

இதில் குற்றம் காண ஒருவராலும் முடியாது என்பதுதான் தங்கள் நிர்வாகத்தின் மகிமை. பிளம்பர் குழாயை இறக்கிவிட்டார். சென்ட்ரிங்காரர் தேதி தவறாமல் தளம் போட்டுவிட்டார். எலெக்ட்ரீஷியன் வயரைக் காப்பாற்றிவிட்டார். எல்லாருக்கும் பில் பாஸாகும். அளவுப் பட்டியலைப் புரட்டினால் டக்ட் இருக்கிறது, டக்டுக்குள் போகும் குழாய் அங்குலக் கணக்கில் இருக்கிறது, டக்டை மூடும் பலகைக்கு மட்டும் அயிட்டம் நம்பர் இல்லை. விலை போடாத ஒன்றை ஒருவர் எப்படிச் செய்வார்? விலையில்லாததை விலையில்லாததாகவே விட்டுவைத்த தங்கள் வாய்மையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

எட்டாம் மாடியில் பெயிண்டர் தின்னர் டப்பாவைத் திறந்து வைத்திருக்கையில், அவர் தலைக்கு நேர்மேலே கைப்பிடிக் கம்பிக்கு வெல்டிங் வைப்பதற்கும் தாங்கள் அனுமதி தருகிறீர்கள். அதுவும் தனித்தனிச் சீட்டில், தனித்தனிக் கோப்பில், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிடாத தூரத்தில்! இந்த ராஜதந்திரத்துக்குப் பெரிய மரபு உண்டு. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் நின்றிருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையைத் தங்கள் குலமுதல்வன் என்றே கொண்டாட வேண்டும். 1988 ஜூலை 6. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றியவர்கள் வெளியிலிருந்து வந்த காண்ட்ராக்ட் ஆட்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. வால்வு இருந்த இடத்தில் மூடித்தகடு ஒன்றை வைத்தார்கள், அது கசிவு தாங்கும்படி இறுக்கப்படவில்லை. அதே பம்பைப் பராமரிக்க வேறொரு சீட்டு இருந்தது. பம்ப் சீட்டைப் பற்றி இரவு ஷிப்டுக்குத் தெரியும். வால்வு சீட்டோ நிறுத்தி வைத்த சீட்டுகளோடு வேறு அறையில் உறங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் மாறும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரவு பத்து மணி வாக்கில் இன்னொரு பம்ப் நின்றுபோக, பம்ப் சீட்டை மட்டும் அறிந்திருந்தவர்கள் வால்வு இல்லாத இந்தப் பம்பை ஓடவிட்டார்கள். மூடித்தகடு கசிந்தது, மேடை வெடித்துத் தீப்பிடித்தது.

மேடையில் இருந்த 226 பேரில் 61 பேர் பிழைத்தார்கள். மீட்கப் போன இருவரையும் சேர்த்து 167 உயிர் போயிற்று. மாண்டவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் ஆட்கள். பக்கத்தில் குழாயால் இணைந்திருந்த இரண்டு மேடைகளும், தீ வானளாவ எரிவது கண்ணுக்குத் தெரிந்தும், எண்ணெய் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. தம் வேலையைத் தாம் பார்ப்பது என்ற தங்கள் குலதர்மத்தை அதற்குமேல் யார் காத்துவிட முடியும்? விசாரித்த கல்லன் பிரபு 1990இல் 106 பரிந்துரைகள் எழுதினார். அத்தனையையும் அங்கே ஏற்றுக்கொண்டார்கள். நம் சைட்டுகளிலும் வேலை அனுமதிச் சீட்டு என்று ஒன்று வந்து சேர்ந்தது. தாங்கள் அதன் எழுத்தை ஏற்று உயிரை மட்டும் அகற்றி, மாலையில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு முடிக்கும் சடங்காக்கி ரட்சித்தீர்கள்.

அந்தப் பிரிட்டன்காரர்களின் பேதைமை அதோடு நின்றதா? ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காண்ட்ராக்டர் இருந்தால், அத்தனை பேரையும் ஒருங்கிணைக்கும் முதன்மை ஒப்பந்ததாரர் ஒருவரை உரிமையாளர் எழுத்துமூலம் நியமித்தாக வேண்டுமாம். நியமிக்காவிட்டால் அந்தக் கடமை உரிமையாளர் தலையிலேயே விழுமாம். 2015ஆம் ஆண்டு விதிகள் இப்படிச் சொல்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக் பூங்காவைக் கட்டியபோது பல்லாயிரம் பேர் வேலை செய்தும் கட்டுமான விபத்தில் ஒரு சாவுகூட இல்லை. அறிக்கையில் எழுத ஒரு துயரச் செய்தியும் இல்லாத அந்த அதிகாரிகளின் வறுமையை நினைத்தால் இரக்கமே மிகுகிறது.

நம் பக்கத்தில் அந்த வறுமை கிடையாது. 2014 ஜூன் 28 மாலை சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அதில் பலர். மீட்புப்பணி ஏறக்குறைய ஒரு வாரம் நடந்தது. உள்ளே எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பது அப்போது ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சிமெண்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் நாள்தோறும் கணக்கு எழுதும் இத்தொழிலில், மனிதரை மட்டும் கணக்குக்கு அப்பாற்பட்டவராக வைத்திருப்பது எத்தனை உயர்ந்த மரியாதை! மேஸ்திரிக்கு மேஸ்திரி தன் ஆளைத் தன் சட்டைப்பை நோட்டில் வைத்திருக்க, எல்லா நோட்டையும் கூட்டும் கீழ்மை தங்கள் அலுவலகத்துக்கு நேரவே இல்லை.

காலை எட்டு மணி டூல் பாக்ஸ் கூட்டத்தையும் பாடாமல் விடலாகாது. சேஃப்டி ஆபீசர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார். எதிரே நிற்பவர்கள் ஒடியாவிலும் போஜ்புரியிலும் நினைப்பவர்கள். கைதட்டல் மட்டும் எல்லா மொழிக்கும் பொது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பாதுகாப்பு நிறைவேறிவிடுகிறது. பூச்சு மேஸ்திரியும் பிளம்பிங் மேஸ்திரியும் எதிரெதிரே நின்று, “அண்ணே, இன்னைக்கு ஒம்போதுல டக்டைத் தொறக்குறோம், உங்க பொம்பளை ஆளுங்களை அந்தப் பக்கம் விடாதீங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்படி மலிவாக முடிய வேண்டிய காரியமா அது? தங்கள் கௌரவத்துக்கு அது தகாது என்றுதான், அவர்கள் சந்திக்காதபடி ஒருவரை ஏழு மணிக்கும் மற்றவரைப் பத்து மணிக்கும் வரவழைக்கிறீர்கள்.

தங்கள் கருணை உச்சம் தொடுவது விபத்துக்குப் பிறகுதான். 1923ஆம் ஆண்டிலேயே இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, காண்ட்ராக்டரின் ஆள் அடிபட்டால் வேலையை விட்ட முதலாளியே முதலில் கொடுக்க வேண்டும் என்று துடுக்காக எழுதி வைத்தது. கொடுத்ததைக் காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்ற வாசலும் அதிலேயே இருந்தது. அந்த வாசல் வழியே தங்கள் ஒப்பந்தப் பத்திரம் படிப்படியாக இறங்கி, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கும் மேஸ்திரியிடம் போய் நிற்கிறது. எஃப்.ஐ.ஆரில் முதல் பெயர் அவருடையது. நூறு கோடி ரூபாய் திட்டத்தின் பாதுகாப்பை முழுக்கத் தாங்கி நின்றவர், மாதம் இருபதாயிரம் பார்ப்பதற்கே மூச்சுத் திணறும் அந்த மனிதர்தான் என்பதை அன்றுதான் ஊர் அறிகிறது. எத்தகைய பதவி உயர்வு! செத்தவரின் ஊருக்கு ஆம்புலன்ஸ் வாடகையும், சக தொழிலாளிகள் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்துச் சேர்த்த தொகையும் போகின்றன. தாங்கள் இரங்கல் தெரிவிக்கிறீர்கள், அதுவும் ஒரு சப் காண்ட்ராக்டர் மூலமாக.

ஒரே ஒரு விண்ணப்பம். தங்கள் கீர்த்தியைக் கெடுக்க நினைப்பவர்கள் சைட்டுக்குள் நடமாடுகிறார்கள். எல்லா வேலைச் சீட்டும் ஒரே பலகையில், மாடி வாரியாக, எல்லாரும் பார்க்கத் தொங்க வேண்டும் என்பார்கள். டக்ட் மூடிக்கும் கைப்பிடிக்கும் பட்டியலில் விலை போட வேண்டும், மூடியைத் திறந்தவர் பெயரை அதன்மேலேயே எழுத வேண்டும் என்பார்கள். நாளைக்கு யார் எங்கே வேலை செய்வது என்று எல்லா மேஸ்திரிகளையும் மாலையில் கால் மணி நேரம் உட்காரவைக்கச் சொல்வார்கள். எந்தக் காண்ட்ராக்டர் ஆளானாலும் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு, பெயரோடு, எழுத்தில் வேண்டும் என்பார்கள். எவ்வளவு செலவு என்று கேட்டால், ஒரு மாடிக்கு மார்பிள் பதிக்கிற காசுகூட ஆகாது என்று கூசாமல் பதில் சொல்வார்கள். செவி சாய்க்காதீர்கள், மகாப்பிரபு.

அப்படிப்பட்டவர்களைத் தங்கள் சமூகம் கையாளும் விதமும் நாடறிந்ததே. திறந்த டக்டைக் கண்டு ஒன்பதாம் மாடிப் பூச்சு வேலையை அரை நாள் நிறுத்தி வைத்த சேஃப்டி ஆபீசருக்கு மறுநாளே வெளியூர் சைட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். வேலைச் சீட்டில் கிறுக்கலும், ஆய்வுப் படிவத்தில் வெற்றிடமும், மூடிப் பதிவேட்டில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கிற தங்கள் அலுவலகத்தில், அந்த ஒரு தாளில்தான் முழுப்பெயர், பதவி, தேதி, முத்திரை எல்லாம் துலக்கமாக இருக்கும்.