நீலம், பச்சை, செங்கல் சிவப்பு

1982-ல் என் சித்திக்குப் பதின்மூன்று வயது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் காலைக் காப்பிக்கு முன்பே ஸ்பிரிட் விளக்கு எரியும். சோதனைக்குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் 8 சொட்டு சிறுநீர். கொதித்த பிறகும் நீலமாகவே நின்றால் பாட்டிக்கு நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்பில் போய் நின்றால், "நேத்து என்னத்தத் தின்னே?" என்று விசாரணை தொடங்கிவிடும்.

இப்போது என் மகளுக்குப் பதினைந்து வயது. சித்திக்கு இருந்த அதே டைப் 1 சர்க்கரை நோய். அவள் கையில் ஒட்டிய சென்சார், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவை என் போனுக்கு அனுப்புகிறது. அவள் பாண்டி பஜாரில் தோழிகளோடு நிற்கிறாள். இங்கே என் போனில் 260. கருவி மாறிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கும் அது நியாயமில்லை. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். குழாய் சொன்னது சில மணி நேரத்துக்கு முந்தைய சேதி. சர்க்கரை தாழ்ந்துபோவதை அது காட்டவே காட்டாது. நீலம் என்றால் 150-ஆகவும் இருக்கலாம், 50-ஆகவும் இருக்கலாம். தாழ்வைக் கண்டுபிடிக்கப் பாட்டிக்கு இருந்த ஒரே துப்பு சித்தியின் நெற்றி வியர்வை.

ஆனால் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, தன் கையாலேயே ஊசி போட்டவள் அவள். அன்று கிடைத்த இன்சுலின் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது. முட்டைகூட நுழையாத வீடு. அதைப் பற்றிப் பாட்டி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஈர மணல் போட்ட மண்சட்டியில் குப்பியைப் புதைத்து, பூஜை அலமாரிக்குக் கீழேயே வைத்திருந்தாள்.

வளரும் வயதுப் பிள்ளையிடம் கேட்கும்போது அந்தக் கேள்வி இன்னும் அநியாயம். பருவத்து ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். போன வருடம் போதுமாயிருந்த யூனிட் இந்த வருடம் போதாது. பரீட்சைப் பயம், தூங்காத இரவு எல்லாமே எண்ணை ஏற்றும். எதுவும் சாப்பிடாமலேயே 260 வரலாம். 2017-லிருந்து சிபிஎஸ்இ தேர்வு அறைக்குள்ளேயே இந்தப் பிள்ளைகள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோக அனுமதி உண்டு. தேர்வு வாரியம் நம்புகிறது. வீடு நம்பக் கூடாதா?

சித்தி இப்போது அடையாறில் இருக்கிறாள். போன மாதம்தான் எனக்குச் சொன்னாள்: "குழாய் செவந்தா, திருடி மாட்டிண்ட மாதிரி இருக்கும்டி. அதான் சில நாள் தண்ணி கலந்து குடுத்துடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் நீலத்தை நம்பி ஊசியைக் குறைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். இன்று தண்ணீர்கூட வேண்டாம். போனில் பகிர்வை நிறுத்தினால் போதும். திட்டு வாங்கும் பிள்ளை எண்ணை மறைக்கும். மறைத்த எண்ணுக்கு வைத்தியம் கிடையாது.

அதனால் மகளும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். 70-க்குக் கீழே, 300-க்கு மேலே போனால்தான் என் போன் அடிக்கும். நடுவில் இருப்பதெல்லாம் அவள் பொறுப்பு. போன மார்கழியில் சபா கேன்டீனில் இலை போட்டதும், அக்காரவடிசலைக் கண்ணாலேயே அளந்து, இன்சுலின் பேனாவைத் திருகி, ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி வேண்டுமா என்று பரிமாறுகிறவர் கேட்டபோது, "ஒரு நிமிஷம் மாமா" என்று மறுபடி கணக்குப் போட்டாள்.