கவுத்தைப் பாத்து மாடு வாங்கின கதை

வா கண்ணு, உக்காரு. அந்தக் காயிதத்தை இப்படிக் குடு. கண்ணாடியை எங்க வெச்சேன்... ஆங், நெத்திலயே இருக்குது.

ஒரு சொட்டு ரத்தத்தை வெச்சு நோய் சொல்ற மிசினு. உயிரித் தொழில்நுட்பக் கம்பெனி. நெம்பச் சந்தோசம். இனி டைரக்டருங்க பட்டியலைப் பாக்கலாம். ரிட்டயர்டு கலெக்டரு ஒருத்தரு. ரிட்டயர்டு போலீஸ் ஐ.ஜி. பேங்க் சேர்மனா இருந்தவரு. மில்லு மொதலாளி. வக்கீலு. அட, நீ பனியன் கம்பெனி தொறந்திருந்தாலும் இதே அஞ்சு பேருதானே கண்ணு? எந்தச் சட்டிக்கும் பொருந்தற மூடியாப் பாத்துப் புடிச்சிருக்கற.

ரத்தம் பாக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனையும் சேத்தலை பாரு, அங்கதான் உன்ற புத்தி தெரியுது. அவனைச் சேத்தினா மொதக் கூட்டத்துலயே "மிசினைத் தொறந்து காட்டுங்க"ம்பான். கலெக்டரு கேப்பாரா? டீ ஆறிப் போச்சுன்னு வேண்ணா கேப்பாரு.

இதைய நீயாக் கண்டுபுடிச்சேன்னு மட்டும் நெனைச்சுக்காதே. உனக்கு முன்னாடியே அமெரிக்காவுல ஒரு புள்ள செஞ்சு காட்டிருச்சு. எலிசபெத் ஹோம்ஸ். 2003ல, 19 வயசுல, ஸ்டான்ஃபோர்டு படிப்பைப் பாதியில உட்டுப்போட்டுக் கம்பெனி ஆரம்பிச்சுது. வைத்தியத்துக்கு ஒரு இங்கிலீஷு வார்த்தை, நோயறியறதுக்கு ஒரு வார்த்தை, ரெண்டையும் வெட்டி ஒட்டுப்போட்டுத் 'தெரானோஸ்'னு பேரு. நரம்புல ஊசி வேண்டாம், விரல் நுனியில குத்தி, சுண்டுவிரல் நகம் அளவு குப்பியில நாலு சொட்டுப் புடிச்சாப் போதும், 200க்கு மேல டெஸ்டு பண்ணித் தாறோம்னு பேச்சு. 2014ல அந்தக் கம்பெனிக்கு மதிப்பு 900 கோடி டாலரு.

அவ போர்டுல ஆரு இருந்தாங்கன்னு சொல்றேன், உன்ற பட்டியலைப் பக்கத்துல வெச்சுட்டுக் கேளு. வெக்கமா இருந்தாத் துண்டைப் போத்திக்கோ.

ஜார்ஜ் ஷுல்ட்ஸ். அமெரிக்காவுக்கு வெளியுறவு மந்திரி, அதுக்கு முன்னாடி நிதி மந்திரி, அதுக்கும் முன்னாடி தொழிலாளர் மந்திரி. 2011ல போர்டுக்கு வாறப்ப அவருக்கு வயசு 90. ஸ்டான்ஃபோர்டுல ஹூவர்னு ஒரு ஆராய்ச்சித் திண்ணை இருக்குது, ரிட்டயர்டு ஆன பெரிய தலைங்க உக்காந்து உலகத்தைப் பத்தி எழுதற எடம். அவரு அந்தத் திண்ணை ஆளு. ஒரு காக்கா உக்காந்தா மத்த காக்கா வாறதுக்குச் சோறா வெக்கோணும்? ஹென்றி கிஸ்ஸிஞ்சர் வந்தாரு, அவரும் வெளியுறவு மந்திரி. வில்லியம் பெர்ரி, பாதுகாப்பு மந்திரியா இருந்தவரு. சாம் நன், செனட்டுல ராணுவக் கமிட்டித் தலைவரா இருந்தவரு. கேரி ரஃப்ஹெட், கப்பற்படைக்கே தளபதியா இருந்தவரு. ஜேம்ஸ் மாட்டிஸ், நாலு நட்சத்திர ஜெனரலு. ஒரு நாட்டு மேல படையெடுக்கோணும்னா அன்னைக்குச் சாயங்காலமே கெளம்பிரலாம். ரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவுன்னு கேட்டா மட்டும்தான் முழிக்கோணும்.

இவங்களோட வெல்ஸ் ஃபார்கோ பேங்க்கை நடத்தின ரிச்சர்டு கோவாசெவிச், அணையும் பாலமும் கட்டற பெக்டெல் குடும்பத்து ரைலி பெக்டெல். உன்ற பட்டியல்ல இருக்கற பேங்க்காரரும் மில்லு மொதலாளியும் சும்மா வரலை கண்ணு. பரம்பரை இருக்குது.

டாக்டருங்களே இல்லையான்னு கேப்ப. பொய் சொல்லப்படாது, ரெண்டு பேரு இருந்தாங்க. பில் ஃப்ரிஸ்ட், செனட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இருதயத்தை எடுத்து மாத்தி வெக்கற சர்ஜன். இன்னொருத்தரு வில்லியம் ஃபோகி. அவரைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வராது. பெரியம்மை ஊர் ஊராப் போட்டுத் தாக்கினப்ப, எல்லாத்துக்கும் ஊசி போட்டுட்டு நிக்காதே, நோய் கண்ட ஊட்டைச் சுத்தி வளையம் கட்டிப் போடுன்னு வழி காட்டின மனுசன். நம்ம நாட்டுக்கே வந்து நின்னு வேலை பாத்தாரு. 1975ல இங்க பெரியம்மை அத்துப் போனதுல அவரு கையும் இருக்குது. என்ற தங்கச்சி மூஞ்சித் தழும்பைப் பாக்கறப்பெல்லாம், இந்தாளு பத்து வருசம் முந்தி வந்திருக்கப்படாதான்னு தோணும். ஆனாப் பாரு, கொள்ளைநோயை வெரட்டறது ஒரு படிப்பு, இருதயம் தைக்கறது ஒரு படிப்பு, நாலு சொட்டு ரத்தத்துல 200 டெஸ்டு வருமான்னு மிசினைக் கொடையறது வேற படிப்பு. மூணாவது படிப்புக்காரனுக்குத்தான் அந்த மேசையில நாற்காலி இல்லை.

இப்ப எங்கப்பன் கதை. கண்ணபுரம் சந்தைக்கு மாடு புடிக்கப் போனாரு. மாடு வாங்கறதுன்னா என்ன? வாயைப் பொளந்து பல்லு எண்ணோணும். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துதா, தேஞ்சுதா. அப்பறம் சுழி பாக்கோணும், நடக்க உட்டுப் பாக்கோணும். அதுக்கப்பறந்தான் துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெலை. அன்னைக்கு ஒரு காரி எருது. கவுத்தைப் புடிச்சுட்டு நின்னது பக்கத்தூருப் பண்ணாடி, சரிகை வேட்டி, கடுக்கன். "பண்ணாடியே கவுத்தைப் புடிச்சிருக்கறாரு, அவரு மாட்டு வாய்க்குள்ள கையை உட்டா நல்லாவா இருக்கும்?"னு எங்கப்பன் பல்லைப் பாக்காமயே பணத்தைக் குடுத்துப்போட்டாரு. ஊட்டுக்கு வந்து நொகத்தடி வெச்சதும் எருது சால்லயே படுத்துக்கிச்சு. அப்பறம் வாயைப் பொளந்தா எட்டுப் பல்லும் கூழாங்கல்லு மாதிரி தேஞ்சு கெடக்குது.

இதுல வெசயம் என்னன்னா, அந்தப் பண்ணாடியும் பல்லைப் பாக்கலை. அவருக்கு வித்தவன் பெரிய இடத்துச் சம்பந்தி.

ஷுல்ட்ஸ் இருக்காரேன்னு கிஸ்ஸிஞ்சர் வந்தாரு, கிஸ்ஸிஞ்சரே இருக்காரேன்னு பணக்காரங்க பொட்டியைத் தொறந்தாங்க. மருந்துத் தொழில்லயே ஊறிப் போன முதலீட்டுக்காரங்க பெருசா அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. அவுங்களுக்குப் பல்லுப் பாக்கற கெட்ட பழக்கம்.

எனக்குச் சக்கரை இருக்குதுல்ல, மாசம் ஒருக்கா டவுன் லேப்ல இருந்து ஒரு புள்ள வருது. ஸ்கூட்டியில, தோள்ல ஐஸ் பொட்டி. ஒருநா ரத்தம் சரியா வரலைன்னு நானே வெரலை அமுக்கி நசுக்கினேன். கையைத் தட்டி உட்டுச்சு. "நசுக்காதீங்க தாத்தா, சதைத் தண்ணி கலந்துரும், ரத்தத்துல இருக்கற செல்லு ஒடைஞ்சா பொட்டாசியம் பொய்யா ஏறிக் காட்டும்"னு சொல்லுச்சு. ரெண்டு வருசம் டிப்ளமா படிச்ச புள்ள. தெரானோஸ் வெரல் ரத்தத்துலயும் பொட்டாசியம் தகராறு பண்ணுச்சு. எடிசன்னு அவங்க சொந்த மிசினு, அது பண்ணினது ஒரு டஜன் சொச்சம் டெஸ்டுதான். மீதியெல்லாம் அடுத்த கம்பெனி மிசினுல, அதுலயும் கொஞ்சம் டெஸ்டு ரத்தம் பத்தாததுக்குத் தண்ணி கலந்து ஓட்டுனது. அரிசோனாவுல வால்கிரீன்ஸ் மருந்துக்கடைக்கு நம்பிப் போன சனங்க கையில அந்த ரிப்போர்ட்டைத்தான் குடுத்தாங்க. கடைசியில 2016ல, ரெண்டு வருசத்து எடிசன் ரிசல்ட்டு முச்சூடும் செல்லாதுன்னு கம்பெனியே வாயைத் தொறந்து சொல்லிப்போட்டுது.

ஒருத்தருமே சொல்லலையான்னா, சொன்னாங்க. ஷுல்ட்ஸோட சொந்தப் பேரன், டைலர். உயிரியல் படிச்சுப்போட்டு அங்கயே வேலைக்குச் சேந்தவன். ஒரே ரத்தத்துக்கு மிசினு ஒவ்வொருக்கா ஒவ்வொரு கணக்குச் சொல்றதைப் பாத்துட்டு, 2014ல வேலையை உட்டுப்போட்டுத் தாத்தன்கிட்டப் போய்ச் சொன்னான். தாத்தன் நம்பலை. அப்பறம் ஒருநா, வக்கீலு ஆரும் வேண்டாம் தாத்தா, நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்னு ஊட்டுக்குப் போறான். பேசிட்டு இருக்கறப்பவே மாடியில இருந்து கம்பெனி வக்கீலுங்க ரெண்டு பேரு காயிதத்தோட எறங்கி வாறாங்க. பேரன் கையெழுத்துப் போடலை. அவனோட அம்மா அப்பாவுக்கு வக்கீல் செலவே 4 லட்சம் டாலருக்கு மேல ஆச்சு.

நான் அந்தத் தாத்தன் நெலமையில இருந்தா உன்னை நம்பியிருப்பனா? நீ சின்னப் பையன். ஹோம்ஸு பத்திரிகை அட்டையில வாறவ. என்ன பண்ணியிருப்பேன்னு நெனைச்சுப் பாக்கவே புடிக்கலை. அந்தச் சொம்பை எடு, தண்ணி குடிச்சுக்கறேன்.

இன்னொரு தந்திரம் அவகிட்டக் கத்துக்கோ. அவ பங்குல ஒண்ணொண்ணுக்கும் 100 ஓட்டு. கூட்டிப் பாத்தா ஓட்டுல 100க்கு 99க்கு மேல அவ கையில. அத்தனை மந்திரியும் தளபதியும் ஒண்ணாக் கையைத் தூக்கினாலும் அவ சொன்னதுதான் நடக்கும். நம்மூரு நோம்பிக் கமிட்டி மாதிரி: தலைவரு, துணைத்தலைவரு, கௌரவத்தலைவருன்னு நோட்டீசு நெறையப் பேரு, சாவி மட்டும் பூசாரி மடியில.

2015 அக்டோபர்ல ஜான் கேரிரூங்கற நிருபரு வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல எழுதினாரு. மானம் கப்பலேறுச்சு. பெரியவங்கள்ல நெறையப் பேரை ஆலோசகருங்கன்னு அடுத்த அறைக்கு மாத்திப்போட்டு, அடுத்த வருசந்தான் லேப் தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு ஒரு ஆலோசனைக் குழு போட்டாங்க. தேர் ஓடி முடிஞ்சப்பறம் வடம் வாங்கப் போனாப்ல. 2018ல கம்பெனி மூடியாச்சு. 2022ல அந்தம்மாவுக்கு 11 வருசம் 3 மாசம் ஜெயிலு. மாட்டிஸ் கோர்ட்டுல வந்து சாட்சி சொன்னாரு. தன் கைக்காசு 85,000 டாலரு போட்டவரு, ஒரு கட்டத்துக்கு மேல எதைய நம்பறதுன்னே தெரியலைன்னாரு. பாவம், அந்தப் பெரியவங்க மேலயெல்லாம் ஒரு கிரிமினல் கேசும் வரலை.

அப்ப வெறும் விஞ்ஞானிகளையே போட்டுட்டாச் சரியான்னு கேக்கறியா? அதுலயும் ஒரு சிக்கலு. பயோஜென்னு ஒரு கம்பெனி, 1978ல ஆரம்பிச்சது. வால்ட்டர் கில்பர்ட், 1980ல நோபல் வாங்கினவரு, அவரே தலைமையில உக்காந்து நடத்தினாரு. ஆராய்ச்சி ஜோரு. கல்லாப் பொட்டியிலதான் ஓட்டை. நட்டம் ஏறி 1984 கடைசியில பொறுப்பை உட்டுட்டாரு. ஜெனென்டெக் வேற மாதிரி: பணக்கணக்குத் தெரிஞ்ச ஸ்வான்சனும் மரபணு வெட்டி ஒட்டத் தெரிஞ்ச போயரும் 1976ல ஆளுக்கு 500 டாலரு போட்டு ஆரம்பிச்சாங்க. வண்டிக்கு ரெண்டு மாடும் ரெண்டு விதம். ஆனா அதெல்லாம் உனக்கெதுக்கு? உன்ற பட்டியலு தங்கமா இருக்குது. கலெக்டரு போட்டோவை மேல வெச்சுக்கோ, மீசை நல்லா இருக்குது.

ஒரு எடம் பாக்கியிருந்தா என்ற பேரையும் போட்டுக்கோயேன். வயசு 81. ரத்தத்தைப் பத்தி ஒண்ணுந் தெரியாது. வேட்டி எப்பவும் வெள்ளையா இருக்கும். கூட்டத்துல தூங்கினாலும் தலையாட்டற மாதிரிதான் இருக்கும்னு உங்க அம்மாயி சொல்லுவா. இதுக்கு மேல என்ன தகுதி வேணும்?

ஒண்ணே ஒண்ணு. வர்ற செவ்வாக்கெழமை காலையில அந்த லேப் புள்ள வரும். அந்நேரம் பாத்து உன்ற மிசினைத் தூக்கிட்டு மட்டும் இந்தப் பக்கம் வந்துராதே கண்ணு.