முதல் கையெழுத்து யாருடையது?

சரி எது என்று தெரியும், செய்யத்தான் விடமாட்டார்கள். செவிலியர்களின் இந்த அவஸ்தையை 1984இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் புத்தகத்தில் எழுதினார். நம் ஊர் ஐசியூவில் நைட் டியூட்டி பார்க்கும் சிஸ்டர்கள் அந்தப் புத்தகத்துக்காகக் காத்திருக்கவில்லை.

பிழைக்க வழியில்லாத பெரியவருக்கு வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தலாமா என்று கேட்டால் டியூட்டி டாக்டர், "சீனியரைக் கேளுங்க சிஸ்டர்" என்பார். சீனியர் சொந்தக்காரர்களைக் கைகாட்டுவார். அவர்களோ, "நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர்" என்று கும்பிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலிருப்பதில் இப்படியொரு ஒற்றுமையை எந்தத் தொழிற்சங்கத்திலும் பார்த்ததில்லை. தயங்காமல் வேலை செய்வது பில்லிங் கவுன்ட்டர் மட்டும்தான்.

வழி இல்லாமல் இல்லை. கண்ணியமாகச் சாகும் உரிமையை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கூடவே மருத்துவமனைக் குழு, கலெக்டர் அமைக்கும் இன்னொரு குழு, மாஜிஸ்ட்ரேட் நேரில் வருகை என்று வைத்த நடைமுறையில் எமனே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பான். 2023இல் அதைச் சுருக்கினார்கள். கலெக்டர் விலகினார், குழுக்கள் கூடியவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

இப்போது குழுவைக் கூட்டச் சொல்லி முதல் கையெழுத்தை யார் போடுவது என்பதில்தான் சிக்கல். அதையும் சீனியரைத்தான் கேட்க வேண்டுமாம்.